இரண்டு டாக்டர், இரண்டு கணக்கு: அப்பாவுக்கு எது சரி?

கும்பகோணம் பக்கத்திலிருந்து 44 வயது வாசகி ஒருவர் மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 76 வயது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். 18 வருஷமாகச் சர்க்கரை, 12 வருஷமாக பிரஷர். ஊரில் இருக்கும் பொது மருத்துவர்தான் இத்தனை நாளும் பார்த்துவந்தார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் இரண்டு வேளை, பிரஷருக்கு அம்லோடிபின் ஒரு வேளை. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 7.8, பிரஷர் 146/80. "இந்த வயசுக்கு இது போதும் சார், நடையை மட்டும் விட்டுடாதீங்க" என்பார் அவர். சென்னையில் வேலை பார்க்கும் தம்பிக்கு இதில் திருப்தி இல்லை. ராத்திரி பஸ்ஸில் அப்பாவையும் அக்காவையும் வரவழைத்து, ஒரு பெரிய மருத்துவமனையில் சர்க்கரை நோய் நிபுணரிடம் காட்டினார். அங்கே பிரஷர் 168, மூன்று மாதச் சராசரி 8.1. "இத்தனை வருஷம் கன்ட்ரோல் இல்லாம விட்டிருக்காங்க. 7-க்குக் கீழ வரணும், பிரஷர் 130-ஐத் தாண்டக் கூடாது" என்று சொல்லி, சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு 2 மி.கி., பிரஷருக்கு டெல்மிசார்டன் 40 மி.கி. இரண்டையும் சேர்த்து எழுதினார். வந்த இடத்தில் வாசகியும் தன் ரிப்போர்ட்டைக் காட்டியிருக்கிறார். இரண்டு வருஷமாக அவருக்கும் சர்க்கரை, சராசரி 6.9. "உங்களுக்கு 6.5 இருக்கணும்" என்றாராம் அதே டாக்டர்.

ஊர் திரும்பி மூன்றாவது வாரம். விடியற்காலை நாலரை மணிக்குப் பாத்ரூம் போக எழுந்த அப்பா, கொல்லைக் கதவைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்துவிட்டார். பனியன் முழுக்க வியர்வை. பேச்சு குழறியது. வீட்டுக் கருவியில் பார்த்தால் சர்க்கரை 58. சர்க்கரை தூக்கலாகப் போட்டு அரை டம்ளர் காபி கொடுத்ததும் தெளிந்துவிட்டார். "தம்பிகிட்ட சொல்லாதே" என்றும் சொல்லிவிட்டார்.

வாசகியின் கேள்விகள் இவை: ஊர் டாக்டர் 18 வருஷம் எங்களை ஏமாற்றினாரா? இல்லை, மாத்திரை விற்பதற்காகச் சென்னை டாக்டர் பயமுறுத்துகிறாரா? பத்தே நாளில் 7.8 எப்படி 8.1 ஆகும்? ஒரே டாக்டர் அப்பாவுக்கு ஓர் அளவு, எனக்கு ஓர் அளவு சொல்வது எந்த நியாயம்? யார் மேல் புகார் கொடுக்கலாம்?

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதியதை மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிளிமிபிரைடு மாத்திரையை, டாக்டர் ஒருவரிடம் பேசாமல் அடுத்த வேளைக்குக் கொடுக்காதீர்கள். எழுதிக் கொடுத்தவரோ ஊர் டாக்டரோ, யார் முதலில் போனில் கிடைத்தாலும் சரி. கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே வரவைக்கும் மாத்திரை அது. ராத்திரி ஏழரைக்கு இரண்டு இட்லியோடு படுக்கப்போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பிட்டது குறைவோ அதிகமோ, மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு அவருக்கு 1.5 வேறு. சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தவர்களிடம் இந்த மருந்தின் வேகம் சீக்கிரம் அடங்காது. ஒரு தடவை தெளிந்தாலும் சில மணி நேரம் கழித்துச் சர்க்கரை மறுபடி இறங்கலாம். மற்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இன்னொரு முறை இப்படி வந்தால் காபி போட நேரம் செலவழிக்காதீர்கள். மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி ரத்தத்தைப் பாருங்கள். ஏறியிருந்தால் இரண்டு பிஸ்கட்டோ ஓர் இட்லியோ கொடுங்கள். ஏறாவிட்டால் மறுபடி சர்க்கரைத் தண்ணீர். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கோடு போட்டது யார்?

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடிதம் முழுக்க ஓர் எண்ணம் ஓடுகிறது: உடம்புக்கு "இதுதான் சரியான அளவு" என்று எங்கோ ஓர் எண் எழுதிவைத்திருக்கிறது, இரண்டு டாக்டரில் ஒருவருக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்தே மறைக்கிறார் என்று. அப்படி எந்த எண்ணும் உடம்புக்குள் இல்லை. சர்க்கரையும் பிரஷரும் ஏற ஏற ஆபத்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. அந்தச் சரிவில் எந்த இடத்தில் கோடு போடுவது என்று மனிதர்கள் கூடித்தான் முடிவு செய்கிறார்கள். புதிய ஆராய்ச்சி வந்தால் கோடு நகரும்.

எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர்களின் காலத்தில் "நூறுடன் வயசைக் கூட்டிக்கோ, அதுதான் பிரஷர்" என்று ஒரு வாய்ப்பாடு இருந்தது. அந்தக் கணக்கில் உங்கள் அப்பாவுக்கு 176 கூட நார்மல்! வெறும் வயிற்றுச் சர்க்கரை 140 ஆனால்தான் நீரிழிவு என்று நாங்கள் படித்தோம். 1997-ல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதை 126 ஆக்கியது. 130 இருந்தவர்கள் ராத்திரி ஆரோக்கியமாகப் படுத்து, காலையில் நோயாளியாக எழுந்தார்கள். உடம்பில் ஒன்றும் மாறவில்லை.

பிரஷர் கதை இன்னும் வேடிக்கை. 2014-ல் அமெரிக்க நிபுணர் குழு ஒன்று, 60 வயது தாண்டியவர்களுக்கு 150-க்குக் கீழே இருந்தால் போதும் என்றது. 2017-ல் அங்கேயே இதய மருத்துவ அமைப்புகள், 130/80 தொட்டாலே உயர் ரத்த அழுத்தம் என்றன. அடுத்த வருஷம் ஐரோப்பியர்கள், எங்களுக்கு 140/90-தான் என்று நின்றுகொண்டார்கள். இத்தனைக்கும் கடைசி இரண்டு தரப்பின் மேஜையிலும் இருந்தது கிட்டத்தட்ட ஒரே ஆராய்ச்சிக் கட்டுரைகள்தான். ஆக, உங்கள் ஊர் டாக்டர் ஒரு பக்கத்தைக் காட்டி "போதும்" என்றாலும், சென்னை டாக்டர் இன்னொரு பக்கத்தைக் காட்டி "போதாது" என்றாலும், இரண்டுக்கும் புத்தகத்தில் இடம் உண்டு.

அப்பாவுக்கு 8, உங்களுக்கு 6.5

ஒரே டாக்டரே இரண்டு அளவு சொல்கிறார் என்று கோபப்பட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், அவர் சொன்னதில் மிகச் சரியான விஷயம் அதுதான். இரண்டு பேருக்கும் இடையில் அவர் இன்னும் அதிக இடைவெளி விட்டிருக்கலாம் என்பதே என் குறை.

சர்க்கரையை இறுக்கிப் பிடிப்பதால் கண், சிறுநீரகம், நரம்பு இவற்றுக்குக் கிடைக்கும் பலன் உடனே வராது. பிரிட்டனில் 1998-ல் வெளியான பெரிய ஆய்வு, நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்துதான் அந்தப் பலனைக் காட்டியது. ஆரம்பத்திலேயே கட்டுப்படுத்தியதன் நன்மை, ஆய்வு முடிந்து பத்து வருஷம் கழித்தும் தொடர்ந்தது என்று 2008-ல் தெரிந்தது. உங்களுக்கு 44 வயது, நோய்க்கு இரண்டு வயது. எதிரே முப்பது நாற்பது வருஷம் இருக்கிறது. நீங்கள் சாப்பிடுவது மெட்ஃபார்மின் மட்டும். அது தனியாகச் சர்க்கரையைத் தரைக்கு இறக்குவது அபூர்வம். உங்களுக்கு 6.5 கேட்பது முழுக்க நியாயம்.

அதே 2008-ல் இன்னொரு அமெரிக்க ஆய்வு எங்களை உலுக்கியது. பெயர் அக்கார்டு. 10,251 பேர், சராசரி வயது 62, பலருக்கும் பத்து வருஷமாகச் சர்க்கரை, இதய நோய் ஆபத்தும் உண்டு. பாதிப் பேருக்கு மூன்று மாதச் சராசரியை 6-க்குக் கீழே கொண்டுவர எல்லா மருந்தும் கொடுத்தார்கள். மூன்றரை வருஷத்தில் இறுக்கிப் பிடித்த குழுவில் 257 பேர் இறந்தார்கள், தளர்த்திவிட்ட குழுவில் 203 பேர். அந்த இறுக்கமான சிகிச்சையைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று அதுவரை நம்பியவர்களில் நானும் ஒருவன்.

அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. 2018-ல் அமெரிக்கப் பொது மருத்துவர்கள் கல்லூரி, பெரும்பாலானவர்களுக்கு 7-லிருந்து 8 வரை போதும் என்றது. அங்கேயே நீரிழிவு நிபுணர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பாருங்கள், உங்கள் வீட்டில் நடக்கும் அதே வழக்கு! ஆனால் ஒரு விஷயத்தில் நிபுணர்களும் இறங்கி வருகிறார்கள்: வயதானவர், கூடவே சிறுநீரகம் போன்ற வேறு கோளாறுகள், லோ சுகர் ஆபத்து என்றால் 8-க்குள் இருந்தால் போதும். உங்கள் அப்பாவின் 7.8 அதற்குள்தான் இருக்கிறது. இறுக்கிப் பிடித்தால் அவருக்கு வரக்கூடிய நன்மை எட்டுப் பத்து வருஷம் தள்ளி. விழுந்தால் இடுப்பெலும்பு உடைவது இன்றைக்கு ராத்திரி. சர்க்கரை விஷயத்தில் என் ஓட்டு ஊர் டாக்டருக்கு.

சர்க்கரையை இன்னும் கொஞ்சம் குறைக்கத்தான் வேண்டுமென்றால் கிளிப்டின் வகை மாத்திரைகள் இருக்கின்றன. லோ சுகர் வாய்ப்பு மிகக் குறைவு. முன்பு விலையைக் கேட்டாலே மயக்கம் வரும். சிட்டாகிளிப்டின் காப்புரிமை 2022-ல் முடிந்ததும் பல கம்பெனிகள் போட்டிபோட்டு விலை நன்றாக இறங்கிவிட்டது. டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

பிரஷரில் கதை வேறு

இங்கே என் ஓட்டு பாதிக்கு மேல் சென்னை டாக்டருக்கு. "வயசானவங்களுக்கு பிரஷர் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்" என்ற பழைய சமாதானம் இப்போது எடுபடுவதில்லை. 2015-ல் வந்த ஸ்பிரின்ட் ஆய்வில் 9,361 பேர். 120-க்குக் கீழே என்று இலக்கு வைக்கப்பட்டவர்களுக்கு, 140-க்குக் கீழே போதும் என்று விடப்பட்டவர்களைவிட இதயக் கோளாறும் மரணமும் குறைந்தன. 75 தாண்டியவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் பலன் நிலைத்தது. சர்க்கரை உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் பின்னால் சீனாவில் நடந்த ஆய்வுகள் அந்தப் பள்ளத்தையும் ஓரளவு நிரப்பிவிட்டன. டெல்மிசார்டனுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். சிறுநீரில் புரதம் கசிகிற சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கு அது துணை. தொடங்கிய ஓரிரு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்த ரிப்போர்ட் இல்லை. இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

ஆனால் 168 என்ற எண்ணை நான் நம்பவில்லை. ராத்திரி முழுக்க பஸ், வெறும் வயிறு, இரண்டு மணி நேரம் டோக்கனோடு காத்திருப்பு, உள்ளே கூப்பிட்டவுடன் சட்டைக் கைக்கு மேலேயே பட்டை சுற்றி அளந்தது. எல்லாம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஸ்பிரின்ட் ஆய்வில் ஐந்து நிமிஷம் அமைதியாக உட்காரவைத்து, பெரும்பாலும் பக்கத்தில் ஆள் இல்லாமல், தானியங்கிக் கருவி அளந்தது. அப்படி அளந்த 120-ம், ஓ.பி.யில் அவசரமாக அளந்த 120-ம் ஒன்றாகாது.

ஒரு வாரம் இப்படிச் செய்யுங்கள். கையில் சுற்றும் கருவி போதும், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். காபிக்கு முன்னால், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிஷம் உட்காரட்டும். பேச்சு கூடாது, தலைமையாசிரியருக்கு இதுதான் கஷ்டம். காலையில் இரண்டு தடவை, சாயங்காலம் இரண்டு தடவை. முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றதைச் சராசரி போடுங்கள். வீட்டில் 135/85 வந்தால் அது கிளினிக்கில் 140/90-க்குச் சமம். ஒரு நாளாவது, உட்கார்ந்து அளந்த பிறகு எழுந்து நிற்கவைத்து, ஒரு நிமிஷத்திலும் மூன்றாவது நிமிஷத்திலும் அளந்து பாருங்கள். மேல் எண் 20-க்கு மேல் சரிந்தால் 130 என்ற இலக்கு அவருக்கு ஆகாது. அந்த விடியற்காலை விழுந்ததில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

இரண்டு பேரும் விட்ட எண்

7.8 பத்து நாளில் 8.1 ஆனது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆகவில்லை. ஒரே ரத்தத்தை இரண்டு லேபுக்கு அனுப்பினாலே 0.2, 0.3 வித்தியாசம் வரும். அதை வைத்து யாரையும் சந்தேகப்பட வேண்டாம், இனி ஒரே லேபில் பாருங்கள்.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட் நகல்களில் என் கண்ணை உறுத்தியது வேறொரு எண். ஹீமோகுளோபின் 9.8. ஆறு மாதத்துக்கு முந்தைய ஊர் ரிப்போர்ட்டிலும் 10.2 இருக்கிறது. இரண்டு தாளிலும் அதைச் சுற்றி ஒரு பேனாக் கோடுகூட இல்லை. 7-ஆ 8-ஆ என்று வாதாடியவர்கள் இதைத் தாண்டிப் போய்விட்டார்கள். மூன்று மாதச் சராசரி என்பது சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையின் அளவு. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்திருந்தால் அந்த எண் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். சிறுநீரகக் கோளாறோ ரத்தம் ஏற்றியதோ இருந்தால் குறைத்தும் காட்டலாம். ஆக, எந்த எண்ணை வைத்துச் சண்டை போடுகிறார்களோ அந்த எண்ணே அவ்வளவு நம்பிக்கையானதில்லை. வீட்டுக் கருவியில் சில நாள் வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி கழித்தும் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள்.

சர்க்கரை அளவு இருக்கட்டும். 76 வயது ஆணுக்கு 9.8 என்பதே தனியாகத் துருவிப் பார்க்க வேண்டிய விஷயம். வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா, சிறுநீரகத்தால் வந்ததா, வருஷக்கணக்காக மெட்ஃபார்மின் சாப்பிட்டதில் பி12 குறைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மலம் கறுப்பாகப் போகிறதா என்று அவரையே கேளுங்கள். நடக்கும்போது தள்ளாட்டம், பாதத்தில் மரத்த உணர்வு என்று நீங்கள் சொல்வது எல்லாம் சர்க்கரையால் வந்ததுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், பி12 குறைந்தாலும் இப்படி வரும்.

எங்கே சந்தேகப்படலாம்?

டாக்டர்களுக்கு அளவுகள் மாறுவதற்குப் புத்தகம் மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு பயம் உண்டு. நிபுணரிடம் வருகிறவர்கள் டயாலிசிஸ்வரை போனவர்கள், விரல் எடுத்தவர்கள், பார்வை மங்கியவர்கள். நாள் முழுக்க அவர்களைப் பார்க்கிறவருக்கு 7.8 சிவப்பாகத்தான் தெரியும். ஊர் டாக்டர் பார்ப்பது, பாத்ரூமில் விழுந்து படுக்கையானவர்களை. நான் டாக்டரான மூன்றாவது வருஷம், 80 வயதுப் பாட்டி ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரையைக் கூட்டி எழுதினேன். ஏகாதசி விரதம் இருப்பவர் என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. மறுநாள் மயங்கி விழுந்து இடுப்பெலும்பு போய்விட்டது. பிறகு அவர் எழுந்து நடக்கவேயில்லை. அந்த மாத்திரையை எழுதும்போது இன்றைக்கும் என் பேனா ஒரு நொடி நிற்கும். இது அறிவியலா என்றால் பாதிதான். இருந்தாலும் என் அளவில் அந்தப் பாட்டி இருக்கிறார்.

மாத்திரை விற்கவா என்கிறீர்கள். காசு ஆசையே எங்கள் தொழிலில் இல்லை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அவர் சேர்த்த இரண்டும் மருந்துக்கடையிலேயே மலிவான பட்டியலில் இருப்பவை. இதை எழுதி யாரும் பங்களா கட்ட முடியாது. அந்த மருத்துவமனைக் கடையில் மட்டும் கிடைக்கிற பிராண்ட், காரணம் சொல்லாமல் மாதாமாதம் அதே ஸ்கேன், இப்படி வந்தால் சந்தேகப்படுங்கள்.

ஊர் டாக்டரிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. 18 வருஷத்தில் விழித்திரைப் பரிசோதனை ஒரே ஒரு தடவை, கால் பரிசோதனை ஞாபகமே இல்லை, சிறுநீர்ப் புரதம் பார்க்கவேயில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 7.8 போதும் என்பது ஒரு கருத்து. இது அப்படியில்லை, விட்டுப்போன வேலை. எந்த நாட்டு வழிகாட்டியிலும் இதற்கு இடம் கிடையாது. தளர்த்திப் பிடிக்கிறவர்தான் வருஷத்துக்கு ஒருமுறை கண்ணையும் காலையும் சிறுநீரையும் அதிகக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

இன்னொரு விதமான வேறுபாடும் உண்டு, அதை நான் மன்னிக்க மாட்டேன். முதியவர் மூச்சிரைக்கிறது என்றால் "வயசாச்சுல்ல", பெண் நெஞ்சு வலி என்றால் "கேஸ், டென்ஷன்", லுங்கி கட்டிக்கொண்டு வந்தவரிடம் எதையும் விளக்காமல் "போட்டுக்கோ". இங்கெல்லாம் அளவு மாறுவது ஆளைப் பார்த்து. நோயைப் பார்த்து இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: "டாக்டர், எங்க அப்பாவுக்கு ஏன் இந்த அளவு?" பதிலில் உங்கள் அப்பா இருக்கிறாரா பாருங்கள். கிரியேட்டினின், தனியாக எழுந்து நடப்பது, சாப்பாட்டு நேரம் என்று பேசினால் அந்த அளவு யோசித்துப் போட்டது. "இந்த வயசுல வேற என்ன" என்றோ, "இதுதான் புரோட்டோகால்" என்றோ முடித்துவிட்டால் வேறு டாக்டரைப் பார்க்கலாம்.

புகார் கொடுக்கலாமா?

நான் வக்கீல் இல்லை. தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். காசு வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஆனால் 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், இன்னொரு டாக்டர் வேறு முறையைச் செய்திருப்பார் என்பதற்காக மட்டும் ஒருவரைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது என்றும் தெளிவாக்கியது. 7 என்று ஒருவர், 8 என்று ஒருவர் சொன்னது புகாராக நிற்காது.

உங்களுக்கு நியாயமான வருத்தம் வேறொன்றில் இருக்கிறது. லோ சுகர் வரலாம், வந்தால் இப்படி இருக்கும், இதைச் செய்யுங்கள் என்று சென்னையில் யாரும் உங்களிடம் சொல்லவில்லை. சிகிச்சையின் ஆபத்தையும் மாற்று வழிகளையும் நோயாளிக்குச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் நீதிமன்றம் சொன்னது. அது அறுவை சிகிச்சை வழக்கு என்றாலும், மாத்திரைக்கும் இந்த மரியாதை பொருந்தும் என்பது என் கருத்து. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் அந்த டாக்டருக்கு நடந்ததை எழுதித் தெரிவிப்பேன். பெரும்பாலான டாக்டர்கள் இதைக் கேட்டால் மருந்தை மாற்றுவார்கள், அடுத்த நோயாளியிடம் இரண்டு நிமிஷம் கூடுதலாகப் பேசுவார்கள். கேட்காவிட்டால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் வருஷத்து விதி. இரண்டாவது கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. ஊர் டாக்டருக்குத் தெரியாமல் ஒளித்துப் போக வேண்டியதில்லை.

அப்பா என்ன சொல்கிறார்?

மூன்று பக்கத்தில் தம்பி சொன்னது இருக்கிறது, நீங்கள் நினைப்பது இருக்கிறது, இரண்டு டாக்டர் பேசியதும் இருக்கிறது. அப்பா சொன்னதாக இருப்பது ஒரே வரி: "தம்பிகிட்ட சொல்லாதே." அவரை உட்காரவைத்துக் கேட்டீர்களா? ஐந்நூறு பிள்ளைகளை மேய்த்தவர், எண்கள் புரியாதவர் இல்லை. "விழறது உங்களுக்குப் பயமா இருக்கா, டயாலிசிஸ் பயமா இருக்கா?" என்று நேராகக் கேட்கலாம். சாயங்காலம் கடைத்தெரு வரை நடந்துபோய் நண்பர்களோடு பேப்பர் படிப்பதை இப்போது நிறுத்திவிட்டார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நடை திரும்ப வர வேண்டும் என்பது அவர் ஆசையானால், அதற்கு ஏற்ற சர்க்கரை அளவையும் பிரஷர் அளவையும் டாக்டர்தான் கண்டுபிடிக்க வேண்டும். கணக்கு அங்கிருந்து தொடங்கட்டும்.

இரண்டு குதிரையில் சவாரி வேண்டாம். ஊர் டாக்டர் கையில் கடிவாளம் இருக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை நிபுணரைப் பார்த்து, அவர் எழுதியதை ஊர் டாக்டரிடம் காட்டி, ஒத்துக்கொண்ட பிறகு மாற்றுங்கள். எல்லா மாத்திரையும் ஒரே தாளில் எழுதி அவர் சட்டைப் பையில் இருக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் தெருவுக்கும் ஆள் வருகிறார் என்றால், வீட்டிலேயே பிரஷரும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லலாம். தம்பியிடம் மறைப்பதை மட்டும் நிறுத்துங்கள். அவர் அவசரப்பட்டது பாசத்தால்தான். 58 என்ற எண்ணை அவரும் பார்க்கட்டும்.

கடைசியாக உங்களுக்கு. 6.9 வைத்திருக்கும் நீங்கள் இதுவரை ஒருமுறைகூட விழித்திரை பார்க்கவில்லை. அப்பாவையும் கூட்டிக்கொண்டு இந்த மாதமே ஒரு கண் மருத்துவமனைக்குப் போங்கள். கண் பாப்பா விரியச் சொட்டு மருந்து விட்டால் நாலைந்து மணி நேரத்துக்குக் கண் கூசும், எதுவும் சரியாகத் தெரியாது. இருவரையும் கையைப் பிடித்துக் கூட்டி வர ஆள் வேண்டும். லீவு போட்டுவிட்டு வரச்சொல்லி தம்பிக்குப் போன் பண்ணுங்கள்.